இலைவழி நீர் நீங்கலும் ஸ்தீபன் ஹேல்சின் தராசும்

வேரில் வார்த்த நீர் மரத்தினுள் ஏறுகின்றதென்பதை உழவன் தொன்றுதொட்டே அறிவான். ஏறிய நீர் பின் யாதாகின்றது என்னும் வினாவிற்கு விடை காண நெடுங்காலஞ் சென்றது. தாவரவியலார் இன்று ஆவியுயிர்ப்பு என வழங்கும் அந்நிகழ்ச்சி அறியப்பட்ட வரலாற்றினை ஈண்டுச் சுருக்கமாக ஆராய்வாம்.

பதினேழாம் நூற்றாண்டில் வான் ஹெல்மொண்ட் என்பார் 200 இறாத்தல் உலர்ந்த மண்ணில் 5 இறாத்தல் நிறையுள்ள அலரிக் கன்றொன்றை நட்டு, ஐந்தாண்டு நீர் மாத்திரமே வார்த்து வந்தார். மரம் 169 இறாத்தலாயிற்று. மண்ணோ ஏறத்தாழ 2 அவுன்சே குறைந்தது. மரம் நீரினாலேயே ஆயது என அவர் துணிந்தார். அவர் மறைந்தபின் 1648இல் வெளிவந்த இம்முடிபு, காற்றின் பங்கினையும் இலைவழி நீங்கும் நீரினையும் கருதாதது. 1699இல் ஜோன் வூட்வேர்ட் என்பார் செடிகளை நீருள்ள கலங்களில் வளர்த்து நிறுத்துப் பார்த்து, உறிஞ்சிய நீரிற் பெரும்பகுதி செடியில் தங்காது வெளியேறுகின்றதெனக் காட்டினார்.

இதற்கிடையே வேறொரு கருத்தும் வலுப்பெற்றிருந்தது. விலங்குடலிற் குருதி சுற்றியோடுகின்றதென 1628இல் ஹார்வி நிறுவினாரன்றோ? அவ்வாறே மரத்தின் சாறும் மேலேறிக் கீழிறங்கிச் சுற்றியோடும் எனச் சிலர் கருதினர். உவமை அழகியது, உண்மையோ எனின், சோதித்தறிதல் வேண்டும்.

அச்சோதனையை மேற்கொண்டவர் ஆங்கில நாட்டுக் குருவானவராகிய ஸ்தீபன் ஹேல்ஸ் (1677 - 1761). கேம்பிரிட்ஜிற் பயின்ற அவர், 1709 முதல் இறக்குமளவும் டெடிங்டன் என்னும் ஊரிற் சமயப்பணி புரிந்தார். ஒருகால், வெட்டுண்ட முந்திரிகைக் கொடியினின்று சாறு ஒழுகுதலைத் தடுக்கவெண்ணி, வெட்டுவாயிற் சவ்வுப்பையொன்றை இறுகக் கட்டினார். சாற்றின் விசையால் அப்பை விம்மிப் புடைத்தது. தற்செயலாய்க் கண்ட இக்காட்சியே அவரைத் தாவர ஆராய்ச்சியில் ஈடுபடுத்தியது.

1724ஆம் ஆண்டு யூலை 3ஆம் நாள், மூன்றரை அடி உயரமான சூரியகாந்திச் செடியொன்றைச் சாடியோடு எடுத்தார். சாடியின் வாயை மெல்லிய ஈயத்தகட்டால் மூடி, இடுக்குகளையும் அடைத்தார். மண்ணிலிருந்து நீர் ஆவியாய்ச் சென்று கணக்கைக் கெடுத்தலாகாதன்றோ? நீர் வார்த்தற்கெனக் குழாயொன்றைப் பொருத்தி அதனையும் தக்கையால் அடைத்தார். ஆகஸ்டு 8ஆம் நாள் வரையிற் பதினைந்து நாட்களில், காலையும் மாலையும் செடியைச் சாடியோடு நிறுத்தார். வெப்பமிக்க வறண்டதொரு நாளிற் பன்னிரண்டு மணி நேரத்தில் நீங்கிய நீர் 30 அவுன்சு. சராசரி 20 அவுன்சு. வெப்பமும் வறட்சியுமுள்ள பனியில்லா இரவில் ஏறத்தாழ 3 அவுன்சே குறைந்தது. பின்னர் இலைகளின் பரப்பை அளந்து, 5616 சதுர அங்குலம், அதாவது 39 சதுர அடி எனக் கணித்தார்.

நீரை இழுப்பது எது என்னும் வினா எஞ்சியது. இலையுள்ள அப்பிள் கிளைகளையும் இலை களைந்த கிளைகளையும் நீரில் வைத்து ஒப்பிட்டார். பகற்பொழுதில் முன்னையவை 15 முதல் 30 அவுன்சு வரை உறிஞ்சின. பின்னையவை ஒரு அவுன்சே உறிஞ்சின. எனவே சாறேற்றத்திற்கு இலையே பெருங்காரணம் என்பது புலனாயிற்று. அன்றியும், பருமனுக்குப் பருமன் நோக்குமிடத்துச் சூரியகாந்தி மனிதனைப் போல 17 மடங்கு நீரை உட்கொண்டு வெளிவிடுகின்றதெனக் கண்டார். இத்துணை நீர் புதிதாய் வந்து செல்லுமிடத்து, உள்ள சாறே சுற்றியோட வேண்டிய தேவை யாது? இவ்வாறு, குருதியோட்ட உவமை எண்களின்முன் நிலைகுலைந்தது. இவையெல்லாம் 1727இல் அவர் வெளியிட்ட நூலில் இடம்பெற்றன. 1735இல் பூபோன் அதனைப் பிரெஞ்சு மொழியிற் பெயர்த்தார்.

ஹேல்ஸ் கூறியன யாவும் பிழையற்றன என்பது நம் கருத்தன்று. பனி மிக்க இரவிற் சாடியின் நிறை இரண்டு மூன்று அவுன்சு கூடக் கண்டு, இலை பனிநீரை மிகுதியாய் உறிஞ்சுகின்றது என எண்ணினார். இலைமேலும் சாடிமேலும் படிந்த பனித்துளியும் தராசில் ஏறும் அன்றோ? உறிஞ்சிய நீரையும் படிந்த நீரையும் அத்தராசு பிரித்துக் காட்டவில்லை. இலைவாய்களைக் காவற்கலங்கள் திறந்து மூடும் முறையினை 1856இல் ஹியூகோ வான் மோல் ஆராய்ந்தார். நீர் மூலக்கூறுகள் ஒன்றையொன்று பற்றி நிற்கும் பிணைப்பினால், இலையிற் றோன்றும் இழுப்பு வேர்வரை எட்டுகின்றது என்னும் கொள்கையை டப்ளின் அறிஞர் டிக்சனும் ஜொலியும் 1894இல் வெளியிட்டனர். ஹேல்ஸ் கண்ட இழுப்பிற்கு அன்றே தக்க விளக்கங் கிடைத்தது.

ஹேல்சிடம் இருந்தவை சாடி, ஈயத்தகடு, தராசு, பொறுமை என்பனவே. இவற்றுள் நம் கல்லூரியிற் கிட்டாதது யாதுமில்லை. பாடநூலில் ஆவியுயிர்ப்பைப் படித்து ஒப்புவிக்கும் மாணவர், ஒரு செடியை ஒரு கிழமையேனும் காலையும் மாலையும் நிறுத்துப் பார்ப்பாராக. நிறுத்துப் பெற்ற எண்ணும் ஏட்டிற் கண்ட எண்ணும் மாறுபடின், மாறுபாட்டின் காரணத்தைத் தேடுவாராக. அவ்விடத்தேதான் ஆராய்ச்சி தொடங்குகின்றது.