பல்லைப் பிடுங்குவதா, வைத்திருப்பதா?



அமிர்தகழியில் என் மாணவனின் அம்மா கேட்டார்: "சேர், கடைவாய்ப்பல்லில சீழ் வந்து வந்து போகுது. புடுங்கவா?"

கி.பி. 1000 அளவில் ஸ்பெயினின் குர்துபாவில் வாழ்ந்த அறுவைச் சிகிச்சை அறிஞர் அஸ்ஸஹ்ராவி, 'அத்தஸ்ரீப்' நூலில் இதைப் பேசியிருக்கிறார். பிடுங்க அவசரப்படக் கூடாது; வலி ஏமாற்றும், நல்ல பல் போய்விடும் என்பது அவர் எச்சரிக்கை.

1910இல் வில்லியம் ஹண்டர் என்ற பிரித்தானிய வைத்தியர், வாயிலுள்ள கிருமியே உடம்பின் பல நோய்களுக்குக் காரணம் என்று மொன்றியலில் பேசினார். அதன்பின் எத்தனையோ பேரின் நல்ல பற்களும் பிடுங்கப்பட்டன. பிந்திய ஆய்வுகளில் அந்தக் கருத்து வலுவிழந்தது.

அந்தத் தாய்க்குச் சொன்னேன்: எக்ஸ்ரே எடுங்கள். வேர்ச் சிகிச்சையால் காப்பாற்றலாம் என்றால் காப்பாற்றுங்கள், முடியாதென்றால் பிடுங்குங்கள். மாத்திரையோடு மட்டும் நிற்காதீர்கள். வேருக்குள் கிருமி இருக்கும்வரை சீழ் திரும்பி வரும். முகம் வீங்கிக் காய்ச்சலும் வந்தால், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.