ஷேக்ஸ்பியர் ஊர்லயே இலக்கியத்துக்கு ஆள் குறையுதா? இங்கிலாந்தின் 'ஏ லெவல்' வகுப்பில் என்ன நடக்கிறது?

2022 ஆகஸ்டில் பிரிட்டனில் 'ஏ லெவல்' ரிசல்ட் வெளியானபோது கல்வி வட்டாரத்தில் பலரையும் திரும்பிப் பார்க்க வைத்த விஷயம் ஒன்று இருந்தது. அதிக மாணவர்கள் எழுதிய டாப் 10 பாடங்களின் பட்டியலில் ஆங்கில இலக்கியத்தைக் காணோம். அதற்கு முன்பு அப்படி நடந்ததில்லை. அந்த இடத்தைப் பிடித்தது புவியியல். முதலிடத்தில் இருந்த கணிதத்தை 95 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் எழுதியிருந்தார்கள். ஆங்கில இலக்கியத்துக்கு அதில் பாதிப் பேர்கூட இல்லை.

"இங்கிலீஷ்காரனுக்கே இங்கிலீஷ் வேணாமா?" என்று கேட்கத் தோன்றும். ஆனா, வேண்டாம் என்று ஒதுங்கும் மாணவர்களில் பலர் புத்தகம் பிடிக்காதவர்கள் இல்லை. அங்கேதான் சிக்கலே இருக்கிறது.

ஏ லெவல்னா என்ன?

நம்ம ஊர் பிளஸ் 1, பிளஸ் 2 மாதிரி, 16 முதல் 18 வயது வரையிலான 2 ஆண்டுப் படிப்பு. 1951-ல் தொடங்கியது. ஒரு பெரிய வித்தியாசம், இங்கே 6 பாடம் என்றால் அங்கே பெரும்பாலானோர் எடுப்பது 3 பாடம் மட்டுமே. மொழிப்பாடம் கட்டாயம் கிடையாது. நம்ம 10-ஆம் வகுப்பு பொதுத்தேர்வுக்கு இணையான 'ஜிசிஎஸ்இ'-யில் ஆங்கிலத்தில் 4-ஆம் கிரேடு வாங்கிவிட்டால், அதோடு ஆங்கிலத்துக்கு டாட்டா காட்டிவிடலாம்.

அதாவது ஆங்கில இலக்கியத்தை எடுப்பவர், கையில் இருக்கும் 3 சீட்டில் ஒன்றை அதற்காகக் கொடுக்கிறார். வீட்டில் வாக்குவாதம் தொடங்கும் இடம் இதுதான்.

இன்னொரு குழப்பமும் உண்டு. ஏ லெவலில் ஆங்கிலம் என்பது ஒரே பாடம் அல்ல. ஆங்கில இலக்கியம், ஆங்கில மொழி, இரண்டும் கலந்த ஒரு பாடம் என்று 3 இருக்கின்றன. மொழிப் பாடத்தில் குழந்தைகள் எப்படிப் பேசக் கற்கிறார்கள், வட்டார வழக்கு எப்படி மாறுகிறது என்பதெல்லாம் வரும். ஷேக்ஸ்பியரை எதிர்பார்த்து உள்ளே போனால் ஏமாற்றம்தான்.

என்ன படிக்கணும்?

2015-ல் அமலுக்கு வந்த பாடத்திட்டத்தின்படி குறைந்தது 8 நூல்கள். உரைநடை, கவிதை, நாடகம் மூன்றிலும் தலா 2 இருக்க வேண்டும். 1900-க்கு முந்தைய நூல்கள் 3, அதில் ஷேக்ஸ்பியர் நாடகம் ஒன்றாவது கட்டாயம். 2000-க்குப் பிறகு வந்த படைப்பு ஒன்றும் வேண்டும். இதற்கு மேல், இதற்கு முன் பார்த்தே இராத ஒரு பகுதியையும் தேர்வு அறையில் கொடுத்து விளக்கச் சொல்வார்கள்.

எந்தெந்த நூல்கள் என்பதை அரசு சொல்வதில்லை. ஏக்யூஏ, ஓசிஆர், பியர்சன் எடெக்செல், எட்யூகாஸ் போன்ற தேர்வு வாரியங்கள் பட்டியல் தரும், அதிலிருந்து பள்ளிகள் பொறுக்கிக்கொள்ளும். ஏக்யூஏ-வின் 'ஏ' பாடத்திட்டத்தை எடுத்துக்கொண்டால், முதல் தாள் முழுக்க முழுக்க காதல். காலம்தோறும் இலக்கியம் காதலை எப்படிப் பார்த்தது என்பதுதான் தலைப்பு. 3 மணி நேரத் தேர்வு. இரண்டாம் தாளுக்கு முதல் உலகப்போர் கால இலக்கியம் அல்லது 1945-க்குப் பிந்தைய இலக்கியம், இரண்டில் ஒன்று. அந்த இரண்டாவது பிரிவின் நூல் பட்டியலில் அருந்ததி ராயின் 'சின்ன விஷயங்களின் கடவுள்' நாவலும் உண்டு. கேரளத்து அய்மனம் கிராமத்துக் கதை இங்கிலாந்து வகுப்பறைக்குப் போனது இந்த வழியில்தான். எடெக்செலில் 'காலனியமும் அதன் பின்விளைவும்' என்ற பிரிவில் இ.எம்.ஃபார்ஸ்டரின் 'எ பாசேஜ் டு இந்தியா' இருக்கிறது.

இரண்டு தாளுக்கும் சேர்த்து 80 சதவீதம். மீதி 20 சதவீதம் மாணவரே எழுதித் தரும் கட்டுரைக்கு. இரண்டு நூல்களை ஒப்பிட்டு சுமார் 2,500 சொற்களில் எழுத வேண்டும்.

கேள்விகள் வரும் விதம்தான் நம்ம ஊர் மாணவர்களுக்குப் புதிதாக இருக்கும். "ஒதெல்லோ நாடகத்தின் கதைச் சுருக்கம் தருக" என்றெல்லாம் வராது. ஒரு கருத்தைச் சொல்வார்கள். உதாரணத்துக்கு, 'ஒதெல்லோவின் அழிவுக்கு இயாகோவின் சூழ்ச்சியைவிட ஒதெல்லோவின் தற்பெருமையே காரணம்' என்று வைத்துக்கொள்வோம். இதை எந்த அளவுக்கு ஏற்கிறீர்கள் என்பதுதான் கேள்வி. ஏற்கலாம், மறுக்கலாம், பாதி ஏற்கலாம். எந்தப் பக்கம் நின்றாலும் மார்க் குறையாது. நாடகத்துக்குள்ளிருந்து ஆதாரம் காட்டணும், அந்தச் சொல்லை ஆசிரியர் ஏன் அங்கே வைத்தார்னு சொல்லணும், அது எழுதப்பட்ட காலத்தோடு இணைக்கணும், வேறு விதமாக வாசித்தவர்களின் கருத்தையும் கணக்கில் எடுக்கணும். கோனார் நோட்ஸ் போல ரெடிமேட் பதிலை மனப்பாடம் செய்து ஒப்பித்தால் பெரிய கிரேடு கிடைப்பது கஷ்டம்.

அப்புறம் ஏன் விலகுறாங்க?

இலக்கிய ஆசிரியர்கள் பலரும் கை காட்டுவது ஏ லெவலை அல்ல, அதற்கு முந்தைய ஜிசிஎஸ்இ-யை. மைக்கேல் கோவ் கல்வி அமைச்சராக இருந்தபோது வடிவமைக்கப்பட்ட புதிய ஜிசிஎஸ்இ, 2017-ல் முதல் தேர்வைச் சந்தித்தது. ஷேக்ஸ்பியர், 19-ஆம் நூற்றாண்டு நாவல், கவிதைத் தொகுப்பு, 1914-க்குப் பிறகு பிரிட்டிஷ் தீவுகளில் எழுதப்பட்ட ஒரு நூல். ஜான் ஸ்டெய்ன்பெக்கின் 'ஆஃப் மைஸ் அண்ட் மென்' போன்ற, மாணவர்கள் விரும்பிப் படித்த அமெரிக்க நாவல்கள் பட்டியலிலிருந்து வெளியேறின. 2014-ல் இது பெரிய சர்ச்சையானது.

அதைவிட முக்கியம், தேர்வு அறைக்குள் புத்தகம் கொண்டுபோக முடியாது. மேற்கோள்களை அட்டையில் எழுதி வைத்து உருப்போட வேண்டிய நிலை. 16 வயதில் 'இலக்கியம்னா மனப்பாடம்' என்று பதிந்துவிட்டால், ஏ லெவல் எவ்வளவு சுதந்திரமானது என்று சொன்னாலும் பிள்ளைகள் நம்புவதில்லை.

அதிகம் பேசப்படாத இன்னொரு காரணமும் இருக்கிறது. முன்பு முதல் ஆண்டில் 4 பாடம் எடுத்து 'ஏஎஸ்' தேர்வு எழுதிவிட்டு, இரண்டாம் ஆண்டில் ஒன்றை விட்டுவிடுவது வழக்கம். கணிதம், வேதியியல், உயிரியல் எடுத்தவர்கூட ஆசைக்காக இலக்கியத்தை நான்காவதாக வைத்துக்கொள்ளலாம். பிடித்துப்போனால் தொடரலாம். 2015-க்குப் பிறகு ஏஎஸ் மதிப்பெண் ஏ லெவலில் சேராது என்றானதும், பல பள்ளிகள் நான்காவது பாடத்தைக் கைவிட்டன. அந்த ஜன்னல் மூடிக்கொண்டது.

பணமும் ஒரு காரணம். 2012-ல் பல்கலைக்கழகக் கட்டண உச்சவரம்பு ஆண்டுக்கு 9,000 பவுண்டாக உயர்ந்தது. கடன் வாங்கிப் படிப்பவர் வேலையைத்தான் முதலில் பார்ப்பார். 2022-ல் ஷெஃபீல்ட் ஹாலம் பல்கலைக்கழகம் ஆங்கில இலக்கியப் பட்டப்படிப்பை நிறுத்திவைப்பதாக அறிவித்தது.

யாருடைய இலக்கியம்?

இங்கிலாந்தில் வெள்ளையர் அல்லாத எழுத்தாளரின் நூலை ஜிசிஎஸ்இ-க்குப் படித்தவர்கள் வெறும் 0.7 சதவீதம் என்று, பெங்குயின் ரேண்டம் ஹவுஸ் பதிப்பகமும் ரன்னிமீட் டிரஸ்ட்டும் சேர்ந்து 2021-ல் வெளியிட்ட ஆய்வு சொன்னது. மீரா சியாலின் 'அனிதா அண்ட் மீ' பட்டியலில் இருந்தும் எடுத்த பள்ளிகள் குறைவு. பழைய நூலுக்குத்தான் பாடக்குறிப்பு தயாராக இருக்கிறது, அலமாரியில் 30 பிரதிகளும் இருக்கின்றன. புது நூல் என்றால் எல்லாமே செலவு.

2022-ல் ஓசிஆர் வாரியம் தன் கவிதைத் தொகுப்பில் 15 கவிதைகளை மாற்றியது. வில்ஃப்ரெட் ஓவன், பிலிப் லார்கின் கவிதைகள் நீக்கப்பட்டதற்கு அப்போதைய கல்வி அமைச்சர் நாதிம் சஹாவி கடுமையாக எதிர்ப்புத் தெரிவித்தார். ஈராக்கில் பிறந்து சிறுவனாக பிரிட்டன் வந்த தனக்கு, புது நாட்டைப் புரியவைத்ததே லார்கின் கவிதைகள்தான் என்பது அவர் வாதம். எளிதில் தள்ளிவிட முடியாத வாதம்தான்.

இதில் ஒரு வேடிக்கை. ஆக்ஸ்ஃபோர்டில் ஆங்கிலம் தனிப் பட்டப்படிப்பானது 1894-ல்தான். அதுவரை கிரேக்கமும் லத்தீனும்தான் உயர்ந்த படிப்பு. ஆனால் இந்தியாவில் 1835-லேயே மெக்காலே குறிப்பு வந்துவிட்டது, ஆங்கில இலக்கியமும் பாடமாகிவிட்டது. ஆங்கில இலக்கியம் முறையான பாடமாக உருவெடுத்தது இங்கிலாந்தைவிட முன்பே இங்குதான் என்று ஆய்வாளர் கௌரி விஸ்வநாதன் 1989-ல் வெளியான தன் நூலில் வாதிட்டார்.

நம்ம பிள்ளைகள் எடுக்கலாமா?

லண்டனில் இருக்கும் உறவினர் வீட்டுப் பிள்ளைக்கு இந்தக் கேள்வி வரலாம். பல்கலைக்கழகச் சேர்க்கைக்கான யூகாஸ் புள்ளிக் கணக்கில் இலக்கியத்தில் 'ஏ' வாங்கினாலும் 48, இயற்பியலில் வாங்கினாலும் 48. சட்டப் படிப்புக்கு பொதுவாகக் குறிப்பிட்ட பாடம் என்று கட்டாயம் இல்லை. மருத்துவத்துக்கு வேதியியலும் உயிரியலும் இருந்தால், மூன்றாவது பாடமாக எதை எடுத்தாலும் ஏற்கும் கல்லூரிகள் பல உள்ளன. ஆனால் பொறியியல் போக நினைப்பவருக்கு கணிதம், இயற்பியலோடு சேர்த்து கணக்குப் போட்டுப் பார்ப்பது நல்லது.

இந்தியாவிலும் கேம்பிரிட்ஜ் இன்டர்நேஷனல் பள்ளிகளில் 9695 என்ற குறியீட்டில் இலக்கியப் பாடம் உண்டு. ஐஎஸ்சி-யில் ஆங்கிலத்தின் இரண்டாம் தாளே இலக்கியம்தான். சிபிஎஸ்இ-யில் 'இங்கிலீஷ் எலக்டிவ்' என்று தனிப் பாடம் இருந்தாலும், அதை நடத்தும் பள்ளியைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

ஏ லெவல் எடுப்பவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று, அந்த 20 சதவீதக் கட்டுரை. சாட்ஜிபிடி வந்த பிறகு, தேர்வு வாரியங்களின் கூட்டமைப்பான ஜேசிக்யூ 2023-ல் ஏஐ பயன்பாடு குறித்து வழிகாட்டுதல் வெளியிட்டது. கட்டுரை தன் சொந்த எழுத்து என்று மாணவர் கையெழுத்துப் போட வேண்டும். ஏஐ எழுதியதைத் தன்னுடையதாகக் கொடுத்தால் அது முறைகேடு. மார்க் குறைப்பில் தொடங்கி தகுதிநீக்கம் வரை போகலாம்.