பாறைக்குப் பேர் வைத்த மாநாடு

2022 மார்ச். வொர்க் ஃப்ரம் ஹோம் புண்ணியத்தில் எம்.ரெட்டியபட்டி வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து லேப்டாப்பில் ஒரு மாநாடு பார்த்துக்கிட்டிருந்தேன். 36-வது சர்வதேச நிலவியல் மாநாடு. 2020 மார்ச்சில் டெல்லியில் நடந்திருக்க வேண்டியது. கொரோனாவால் தள்ளிப்போய், கடைசியில் இணையத்திலேயே மூணு நாளில் முடிச்சுட்டாங்க. பொட்டி தட்டுறவனுக்கு அங்கே என்ன வேலைன்னு கேக்காதீங்க. நிலப்பட மென்பொருள் எழுதுறோம், அதனால ஆபீஸில் பார்க்கச் சொன்னாங்க :-)

பாதிப் பேச்சு புரியலை. ஆனா இது எப்படித் தொடங்குச்சுன்னு தேடினப்ப நல்ல கதை கிடைச்சுது.

19-ம் நூற்றாண்டில் ஒரே வயசுப் பாறைக்கு நாட்டுக்கு நாடு வேற பேரு, வரைபடத்தில் வேற நிறம். ஒருத்தர் வரைஞ்சதை இன்னொருத்தர் படிக்க முடியாது. திஸ்கி, யூனிகோடுன்னு மூத்த பதிவர்கள் பட்ட பாடு மாதிரியேதான்! 1876-ல் அமெரிக்காவின் பஃபலோ நகரில் இந்த யோசனை பிறந்தது. 1878-ல் பாரிஸில் முதல் மாநாடு கூடியது. 1881-ல் இத்தாலியின் பொலோஞாவில் நிறங்களுக்கு உடன்பாடு வந்தது: ஜுராசிக் நீலம், கிரெட்டேசியஸ் பச்சை. அந்த வழக்கம் இன்னைக்கும் தொடருது. உலக வரைபடத்தில் நம்ம அரியலூர் பச்சையா இருந்தா, காரணம் அந்தக் கூட்டம்தான். 1964-ல் 22-வது மாநாடு டி.என்.வாடியா தலைமையில் டெல்லியில் கூடியது. ஆசியாவில் அதுதான் முதல் தடவை.

இதைப் படிச்சுக்கிட்டிருக்கும்போதே தெற்குக் காட்டில் போர் வண்டிச் சத்தம். பக்கத்தில் இருந்த தாத்தா காலத்தில் கிணறு கையால் வெட்டினது. "கரிசல், அப்புறம் சுக்கான், அதுக்குக் கீழ சரளை, அப்புறம்தான்டா பாறை" என்றார். எந்தக் கிணத்தில் எது எத்தனை அடின்னு விரல் விட்டுச் சொன்னார்.

போர் வண்டி விடியறதுக்குள்ள போயிருச்சு. எத்தனை அடியில் என்ன வந்துச்சுன்னு யாரும் எழுதி வைக்கலை. தண்ணி வரலை. அடுத்த காட்டுக்காரரும் கண்ணைக் கட்டிக்கிட்டுத்தான் துளை போடுவார்.

ஒருத்தர் தோண்டித் தெரிஞ்சுக்கிட்டது அடுத்தவருக்கும் புரியணும்னுதானே அத்தனை பேர் பாரிஸில் கூடினாங்க? அன்னிக்கு ராத்திரி ஒரு நோட்டு எடுத்தேன். தாத்தா சொல்லச் சொல்ல, அவர் வார்த்தையிலேயே 11 கிணறு எழுதினேன். தாத்தா இப்போ இல்லை. நோட்டு இருக்கு.

உங்க ஊரில் கிணறு வெட்டின பெருசு யாராவது இருந்தா, இந்தப் பொங்கலுக்கே போய்க் கேட்டு எழுதிருங்க மக்கா.