நாலு அணி, ஆளுக்கு மூணு புள்ளி

நாடுகளுக்கு இடையிலான உலகின் முதல் கால்பந்துத் தொடர் எது தெரியுமா? உலகக் கோப்பை இல்லை. 1884ல் தொடங்கிய பிரிட்டிஷ் ஹோம் சாம்பியன்ஷிப். இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ், அயர்லாந்து (பின்னாளில் வட அயர்லாந்து) என்று அக்கம்பக்கத்து நாலு அணிகள். ஒவ்வொரு அணிக்கும் மூணு மேட்ச். ஜெயித்தால் 2 புள்ளி, டிரா என்றால் 1.

போன வாரம் இதன் பழைய முடிவுகளை எக்செல்லில் ஏற்றும்போது இரண்டு சீசன்கள் கண்ணில் பட்டன: 1955-56, 1983-84. இரண்டிலும் எல்லா அணிக்கும் ஒரு வெற்றி, ஒரு தோல்வி, ஒரு டிரா. ஆளுக்கு 3 புள்ளி!

1956ல் பட்டத்தை நாலு பேரும் பங்கு போட்டுக்கொண்டார்கள். அன்றைக்கு விதி அப்படி. எழுபதுகளின் இறுதியில் அது மாறி, புள்ளி சமமானால் கோல் வித்தியாசம் பார்க்க ஆரம்பித்தார்கள். சரி, புது விதியை 1956க்குப் போட்டால் என்ன ஆகும்? போட்டுப் பார்த்தேன். இங்கிலாந்து +2, ஸ்காட்லாந்து +1, வேல்ஸ் -1, வட அயர்லாந்து -2. அதாவது வட அயர்லாந்து கடைசி.

1984ல் கதையே வேறு. வட அயர்லாந்து தன் மூணு மேட்சையும் மே 22ல் முடித்துவிட்டது. 26ந் தேதி கிளாஸ்கோவில் ஸ்காட்லாந்தும் இங்கிலாந்தும் மோதின. இரண்டில் யார் ஜெயித்திருந்தாலும் 4 புள்ளியோடு கோப்பை அவர்களுக்குத்தான். 1-1 டிரா. கோல் வித்தியாசம் இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் பூஜ்யம், ஸ்காட்லாந்துக்கு -1, வட அயர்லாந்துக்கு மட்டும் +1. கோப்பை அவர்களுக்கு!

இது வெறும் கணக்கு இல்லைங்க. 1981ல் வட அயர்லாந்தில் உண்ணாவிரதக் கைதிகள் சிறையில் இறந்துகொண்டிருந்த நேரம். கலவரத்துக்குப் பயந்து இங்கிலாந்தும் வேல்ஸும் பெல்ஃபாஸ்டுக்கு வர மறுத்துவிட்டன. அந்த வருஷத் தொடர் பாதியிலேயே நின்றது. பிறகு கூட்டம் குறைகிறது, மேட்ச்களும் அதிகம் என்று இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் தொடரை விட்டே விலகப்போவதாக அறிவித்தன. பெரிய மேட்ச்களின் டிக்கெட் வசூலை நம்பியிருந்த சின்னச் சங்கங்கள் இரண்டுக்கும் அது பலத்த அடி.

1983-84தான் கடைசி சீசன். அதனால் கோப்பையைத் திருப்பித் தரவேண்டிய தேவையே வரவில்லை. மூணு வருஷம் முன்பு யாரும் வரமாட்டேன் என்ற பெல்ஃபாஸ்டிலேயே அது நிரந்தரமாகத் தங்கிவிட்டது.