ஒழியிசையும் தமிழ்த் திருமறையும்

துயரமோ சினமோ அச்சமோ மேலிட, பேசுகிறவர் தம் வாக்கியத்தை முடிக்காமல் இடையில் நிறுத்திவிடுவதைக் கிரேக்க அணிநூலார் அபோசியோபெசிஸ் என்றனர். தமிழுக்கும் இது புதிதன்று. தொல்காப்பியர் வகுத்த பத்து எச்சங்களுள் ஒழியிசையும் ஒன்று. மன், தில் என்னும் இடைச்சொற்களுக்கும் ஓகாரத்திற்கும் அவர் கூறும் பொருள்களில் ஒழியிசை இடம்பெறுகிறது. சொல்லாமல் ஒழிந்ததைக் கேட்போர் தாமே உணர்ந்துகொள்ள நிற்பது அது. ஒன்று இலக்கண அமைதி, மற்றது உணர்ச்சியின் முறிவு எனினும், இரண்டும் கேட்போரின் உள்ளத்தை நம்பியே நிற்கின்றன.

தஞ்சைத் தரணியின் பேச்சில் இதனை இன்றும் கேட்கலாம். “கடைமடைக்கு ஒரு நனைப்புத் தண்ணீர் வந்திருந்தால்…” என்று உழவர் நிறுத்திவிடுவார். எஞ்சியதை யாரும் கேட்பதில்லை. கருகிய பயிர் எதிரிலேயே நிற்கிறது.

திருமறையின் மூலமொழிகளிலும் இத்தகைய இடங்கள் உண்டு. பொன் கன்றுக்குட்டியை வணங்கிய மக்களுக்காக மோசே மன்றாடும்போது (யாத். 32:32), மன்னிப்பீரானால் என்ற அளவில் எபிரெய வாக்கியம் முறிகிறது. ஆறாம் சங்கீதத்தில் பாடகரின் கேள்வி ‘எதுவரைக்கும்’ என்பதோடு நின்றுவிடுகிறது. எருசலேமைக் கண்டு அழுகிற ஆண்டவரின் சொல்லும் (லூக். 19:42), நீ அறிந்திருந்தால் என்பதோடு கிரேக்கத்தில் அறுந்துபோகிறது.

இவ்விடங்களைத் தமிழில் எப்படித் தருவது என்ற பொறுப்பு காவிரிப் படுகையில் ஏற்கப்பட்டது. 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு ஐயரின் புதிய ஏற்பாடு 1715இல் அங்கேயே அச்சேறி முடிந்தது. அவர் ரூத் வரை பெயர்த்து வைத்த பழைய ஏற்பாட்டைச் சூல்ச் ஐயர் நிறைவுசெய்தார். பின்னர் பப்ரீசியுஸ் ஐயரின் திருத்தம் தஞ்சைச் சபைகளின் உள்ளத்தில் வேரூன்றியது. 1871இல் பவர் ஐயர் குழுவினரின் மொழிபெயர்ப்பு வெளிவந்தது. நம் சபைகளில் மிகுதியாக வாசிக்கப்படுவது அதன் வழிவந்ததே.

அதில் மேற்கூறிய மூன்று இடங்களும் நிரப்பப்பட்டுள்ளன. மோசேயின் சொல்லுக்குப் பின் ‘மன்னித்தருளும்’ என்றும், சங்கீதத்தில் ‘இரங்காதிருப்பீர்’ என்றும், லூக்காவில் ‘நலமாயிருக்கும்’ என்றும் முடிவு தரப்பட்டுள்ளது. இதனைக் குறை என்று தள்ளிவிடலாகாது. மோசேயின் வாக்கியத்தைக் கிரேக்க எழுபதின்மர் பெயர்ப்பே கிறிஸ்துவுக்கு முன்னர் இவ்வாறு நிரப்பியிருந்தது. மேலும், எழுத்தறியாதோர் நிறைந்த சபையில் திருமறை செவி வழியாகவே சென்றது. அச்சிலுள்ள சிறு கோட்டைச் செவி காணாது.

தெளிவா, மரபா என்ற கேள்வி தஞ்சையைக் கலக்கியதும் உண்டு. எளிதில் பொருள் விளங்க வேண்டும் என்ற இரேனியுஸ் ஐயர் மொழிபெயர்ப்பு நெறிகளைப் பற்றி 1827இல் தனிநூலே எழுதினார். சுவார்ட்ஸ் ஐயரிடம் வளர்ந்த வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864), கேட்டுப் பழகிய திருமறையை மாற்றலாகாது என்று வாதிட்டார். அப்பூசலில் சாதி வேற்றுமையும் கலந்திருந்தது என்பதை மறைக்கலாகாது. ஆயினும், திருமறைச் சொல் விளங்கினால் மட்டும் போதுமா என்னும் கேள்வி அதனால் பொய்யாகிவிடாது.

‘நலமாயிருக்கும்’ என்பது பிழையான பொருளன்று. ஆனால் அழுகையால் தடைப்பட்ட குரலை அது அமைதியான கருத்துரையாக ஆக்கிவிடுகிறது. 1995இல் வெளிவந்த திருவிவிலியம் அவ்விடத்தை ஏக்க வினாவாக்கியது. அதில் உணர்ச்சி மீண்டது; முறிவு மீளவில்லை. மோசேயோ, தேவன் மன்னித்தால் என்ன ஆகும் என்று சொல்லத் துணியவில்லை. அத்துணிவின்மையே அவருடைய ஜெபம்.

ஆகவே அருளுரையாளர் மூலத்தின் மௌனத்தை அறிந்திருத்தல் வேண்டும். அச்சிட்ட சொல்லை மாற்றாமலே, வாசிக்கும்போது அவ்விடத்தில் சற்று நிறுத்தலாம். கடைமடை உழவரின் முடியாத வாக்கியத்தைக் கேட்டுப் பழகிய சபைக்கு ஆண்டவரின் முடியாத வாக்கியமும் விளங்கும். நிரப்பித் தருவது மொழிபெயர்ப்பாளரின் அன்பு. நிரப்பாமல் காத்திருப்பது போதகரின் பணி.