வாத்து இல்லை, கிளிதான்!

போன வாரம் அம்மாவோட பர்ஸ் ஜிப் போயிடுச்சு. இழுத்த இழுப்புல ரன்னர் மட்டும் தனியா கையோட வந்துடுச்சு. பல்லெல்லாம் இளிச்சுக்கிட்டு நிக்குது. பர்ஸ்னா தோல் பர்ஸ் இல்லைங்க. ரெண்டு ஊசியில உல்லன் நூலால அம்மா பின்னினது. ஒரு ஜாண் அகலம்கூட இருக்காது. மஞ்சள் பின்னணியில ஒரு பச்சைக் கிளி, அரக்கு நிறத்தில் மூக்கு, உள்ளே பூப்போட்ட துணி லைனிங், மேலே ஜிப். அவ்வளவுதான்.

இங்கே கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன். அப்பாவுக்கு மாற்றலாகி நாலு வருஷம் குன்னூர்ல இருந்தோம். குளிருக்குப் பயந்து பக்கத்து வீட்டு ஆன்ட்டிகிட்ட ஸ்வெட்டர் பின்னக் கத்துக்கிட்டாங்க அம்மா. எங்களுக்கெல்லாம் பின்னி முடிச்சு மீந்த நூல்ல செஞ்சதுதான் இந்தப் பர்ஸ். "கிளி போட்டிருக்கேன், எப்படி இருக்கு?"ன்னு பெருமையா காட்டினப்ப அண்ணன் பார்த்துட்டு, "ஐ... வாத்து!"ன்னான். தீர்ந்தது கதை. அன்னிலேருந்து அது வாத்துப் பர்ஸ். அவனைச் சொல்லியும் குத்தமில்லை. கிளி குட்டையா, தொப்பையும் தொந்தியுமா, அகலமா உட்கார்ந்திருக்கும். "கிளிதாண்டா"ன்னு அம்மா கடைசி வரைக்கும் சொல்லிக்கிட்டேதான் இருந்தாங்க. சில்லறை, மாத்திரை, வீட்டுச் சாவி எல்லாம் அதுலதான். அம்மா போய் ரெண்டு வருஷம் ஆச்சு.

தெருமுனை டெய்லர் திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு, "மெஷின்ல ஓட்டினா இழுத்துக்கும்மா, புதுசா ஒண்ணு வாங்கிக்கோங்களேன்"ன்னார். முதல் பாதி உண்மை. பின்னின துணி ரப்பர் மாதிரி நீளும். ஜிப்போட பட்டி நெய்த துணி, நீளவே நீளாது. ரெண்டுக்கும் ஜென்மப் பகை. கவனிக்காம தைச்சா வாய் அலை அலையா நெளிஞ்சு போகும். சரி, நாமே பிரிச்சுக் கையால தைப்போம்னு உட்கார்ந்தேன். ஆனா அம்மா போட்ட தையல்ல கத்தரிக்கோல் வைக்கக் கை வரலை. எதையாவது தள்ளிப்போடணும்னா படிக்க ஆரம்பிச்சுடறது என் வியாதி :-) இந்தத் தடவை படிச்சது பின்னலோட சரித்திரம்.

முதல்ல ஒரு குழப்பத்தைத் தீர்த்துடறேன். எகிப்துல கிடைச்ச 1600 வருஷப் பழைய கம்பளிக் காலுறை ஒண்ணு லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்துல இருக்கு. செருப்பு வார் மாட்டறதுக்காகக் கட்டைவிரல் தனியா பிரிஞ்சிருக்கும், சிவப்பு நிறம். பார்த்தா அச்சு அசல் பின்னல் மாதிரியே தெரியும். ஆனா அது தையல் ஊசி மாதிரி ஒத்தை ஊசியால, நூலை முழுசா இழுத்து இழுத்துப் போட்ட கண்ணி. நாம சொல்ற நிட்டிங் வேற. ஒரு நீள நூலை வெட்டாம, கண்ணிக்குள்ளே கண்ணியா ரெண்டு குச்சியில் ஏத்தி இறக்கறது. ஒரு நூலை உருவினா மொத்தமும் அவிழ்ந்துடும். அந்தப் பின்னலுக்குக் கிடைச்ச மிகப் பழைய துண்டுகளும் எகிப்துதான், ஆனா ரொம்பப் பின்னாடி, சுமார் 11ஆம் நூற்றாண்டுலேருந்து. பருத்தி நூல், அவுரி நீலமும் வெள்ளையும். அட, அப்பவே வெறும் பின்னல் இல்லை. வரிவரியா கோலம் மாதிரி டிசைன், அரபு எழுத்தைப் போல ஒரு பட்டை. அதாவது நமக்குக் கிடைச்சதில் ஆரம்பத்திலேயே ரெண்டு நிறம் இருக்கு.

ஆனா என்னை நிறுத்தி வெச்சது ஒரு தலையணை. ஸ்பெயின்ல பர்கோஸ் ஊருக்குப் பக்கத்துல லாஸ் ஊல்காஸ்னு ஒரு கன்னியர் மடம், காஸ்டில் ராஜ குடும்பத்தோட கல்லறைகள் இருக்கிற இடம். பத்தாம் அல்போன்சோ ராஜாவோட மூத்த மகன் பெர்னாண்டோ, 1275இல் இருபது வயசுக்குள்ள செத்துப்போனான். நெப்போலியன் படை வந்து மத்த கல்லறைகளையெல்லாம் சூறையாடினப்ப இவனோடது தப்பிச்சுடுச்சு. 1940கள்ல திறந்து பார்த்தா உடையோட, தலையணையோட படுத்திருக்கான். தலையணை உறை பட்டு நூல்ல பின்னினது! கழுகு, லில்லிப்பூ, கட்டம் கட்டமா டிசைன். ஓரத்துல அரபியில 'பரக்கா'ன்னு, அதாவது ஆசி, அருள். கிறிஸ்தவ இளவரசன் தலைக்குக் கீழே அரபி ஆசீர்வாதம். பின்னினது முஸ்லிம் கைவினைஞர்கள்னுதான் ஆராய்ச்சியாளர்கள் நினைக்கிறாங்க. ஒரு செண்டிமீட்டருக்கு சுமார் 8 கண்ணி. அம்மா பின்னலை அளந்தேன்: 10 செண்டிமீட்டருக்கு 22. அந்தத் தலையணையில் அதே நீளத்துக்கு 80! கண்ணு என்னத்துக்கு ஆகும்?

அடுத்த நூற்றாண்டுல பைகள் வந்துடுது. ஸ்விட்சர்லாந்து சீயோன் ஊர் தேவாலயப் பொக்கிஷத்துல 14ஆம் நூற்றாண்டுப் பட்டுப் பின்னல் பைகள் இருக்கு. சில்லறை வைக்க இல்லை. புனிதர்களோட எலும்புத் துண்டுகள் வைக்க. நம்ம அம்மா பர்ஸுக்கு அவங்கதான் கொள்ளுப்பாட்டி. வாயில் கயிறு கோத்து இழுத்துக் கட்டற சுருக்குப்பைதான். நம்ம ஊர்ப் பாட்டிகள் இடுப்புல செருகினது மாதிரி. இதையெல்லாம் சேர்த்து 1987இல் புத்தகமா எழுதினவர் யார் தெரியுமா? ரிச்சர்ட் ரட், கொரியாவுல மிஷனரியா இருந்து பிறகு இங்கிலாந்துல லெஸ்டர் பிஷப்பா ஆனவர். பிஷப் ஊசியும் நூலுமா உட்கார்ந்து பின்னுவாராம். பெண்பிள்ளை வேலைன்னு சொல்றவங்க கவனிக்கவும்.

அந்தக் காலத்துலயும் அப்படித்தான். ஐரோப்பாவுல பின்னல்காரர் சங்கங்கள் வெச்சு நடத்தினது ஆண்கள். ஸ்ட்ராஸ்பூர்க் பக்கமெல்லாம் 17, 18ஆம் நூற்றாண்டுகள்ல மாஸ்டர் பட்டம் வேணும்னா தொப்பி, காலுறையோட ஒரு பெரிய படக் கம்பளமும் பின்னிக் காட்டணும். பூ, மிருகம், பைபிள் காட்சின்னு நிறைஞ்சிருக்கும். அதே லண்டன் அருங்காட்சியகத்துல 1781 தேதியிட்டது ஒண்ணு இருக்கு.

19ஆம் நூற்றாண்டுல இது வீட்டுக்குள்ளே, பெண்கள் கைக்கு வந்துடுது. 1790களுக்குப் பிறகு ஐரோப்பியப் பெண்களோட உடை மெலிசாயிடுச்சு, பாவாடைக்கு உள்ளே கட்டிக்கிற பாக்கெட் துருத்திக்கிட்டுத் தெரிஞ்சுது. அதனால கையில பை. மணிகோத்துப் பின்னின பைகளோட படத்தைப் பார்த்தீங்கன்னா அசந்துடுவீங்க. ரோஜா, வீடு, நாய்க்குட்டி எல்லாம் இருக்கும். ஜெர்மனியில ஷ்வேபிஷ் குமுண்ட் இதுக்குப் பேர் போன ஊர். முறை என்னன்னா, பின்ன ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே மொத்த மணியையும் நூல்ல கோத்துடணும், அதுவும் தலைகீழா. கடைசியில் வரவேண்டிய மணியை முதல்ல கோக்கணும். ஒரு மணி கூடிப்போனா அதுக்கப்புறம் மொத்தப் படமும் ஒரு அடி தள்ளிப்போகும். அப்போ கூடின மணியைக் குறடால நசுக்கி உடைச்சுடுவாங்க. குறைஞ்சா? நூலை வெட்டி ஒட்டுப்போட வேண்டியதுதான். அவங்களுக்கு வழிகாட்டினது கட்டம் போட்ட தாள். பெர்லின்ல அச்சடிச்சு, ஒவ்வொரு கட்டத்துக்கும் கையாலேயே வர்ணம் பூசி வித்த தாள்கள். அந்தக் கட்டத்தை ஞாபகம் வெச்சுக்கோங்க, திரும்ப வருது.

இனி ஜிப். 1893இல் சிகாகோவுல விட்கோம்ப் ஜட்சன்னு ஒருத்தர் பூட்ஸ் மாட்டறதுக்குக் கொக்கி வரிசை ஒண்ணுக்குக் காப்புரிமை வாங்கினார். அந்த வருஷ உலகக் கண்காட்சியிலும் வெச்சார், யாரும் சீந்தலை. கொக்கி விட்டுப் போயிடும், மாட்டிக்கும். அதைச் சரிபண்ணினது ஸ்வீடன்ல பிறந்த இன்ஜினியர் கிடியன் சுண்ட்பேக். 1913இல் இப்போ நாம பார்க்கிற பல்வரிசை, 1917இல் காப்புரிமை. எல்லாரும் ஜிப்புன்னா பேன்ட்டுன்னு நினைப்போம். பேன்ட் ரொம்பத் தாமதம், 1930கள்தான். ஜிப்புக்கு ஆரம்பத்துல சோறு போட்டது சின்னச் சின்னப் பைதான்! முதல் உலகப் போர்ல கடற்படைக்காரங்க இடுப்புல கட்டின காசுப் பட்டை, அப்புறம் புகையிலைப் பை. 1923இல் குட்ரிச் கம்பெனி ரப்பர் பூட்ஸுக்கு 'ஜிப்பர்'னு பேர் வெச்சாங்க. பூட்ஸ் பேர்தான் பிற்பாடு பூட்டுக்கு ஒட்டிக்கிச்சு.

ஜட்சன் பேர் தெரியுது, சுண்ட்பேக் பேர் தெரியுது, தேதி தெரியுது. பெர்னாண்டோவோட தலையணையைப் பின்னினது யாருன்னு தெரியாது. அம்மா பர்ஸ்லயும் இருக்கிற ஒரே எழுத்து, ரன்னர்ல பொறிச்ச கம்பெனி பேர்தான்.

சரி, படிச்சது போதும்னு ஞாயித்துக்கிழமை கத்தரிக்கோலை எடுத்தேன். ஜிப்பைப் பிரிச்சதும் லைனிங்கும் கழண்டு, பின்னலோட உள்பக்கம் முதல் தடவையா தெரிஞ்சுது. ஒரே வரிசையில ரெண்டு நிறம் வந்தா, அந்த நேரத்துக்கு வேண்டாத நிறம் முதுகுப் பக்கமா ஓடும். அங்கே அம்மா பட்ட பாடெல்லாம் இருக்கு. முதல் நாலஞ்சு வரிசையில பச்சை நூல் ரொம்ப இறுக்கம். மேலே போகப் போக இளகுது, கை பழகிடுச்சு. மூக்குல மட்டும் மூணு முடிச்சு. அந்த அரக்கு நூலை உடனே தெரிஞ்சுபோச்சு. சின்னதாப் போச்சுன்னு பிரிச்ச என் ஸ்கூல் ஸ்வெட்டர்.

அப்புறம்தான் கண்ணி எண்ணினேன். கிளி அகலத்துல 24 கண்ணி, உயரத்துல 30 வரிசை. எனக்குப் புரியலை, அகலத்தைவிட உயரம் அதிகம், அப்புறம் ஏன் குண்டா இருக்கு? ஸ்கேல் வெச்சா அகலம் 11 செ.மீ., உயரம் 10 செ.மீ. விஷயம் இதுதான்: பின்னல் கண்ணி சதுரம் இல்லை. அகலம் கூட, உயரம் குறைவு. 10 செண்டிமீட்டருக்கு 22 கண்ணி, ஆனா 30 வரிசை. அதனாலதான் பின்னலுக்குன்னு விக்கிற கட்டத்தாள்ல கட்டம் படுக்கைவாட்டுல இருக்கும். குன்னூர்ல அம்மாவுக்கு அதெல்லாம் ஏது? வீட்டுல இருந்தது என்னோட கணக்கு நோட்டு, சதுரக் கட்டம். அதுல வரைஞ்சு கட்டத்துக்கு ஒரு கண்ணின்னு எண்ணி எண்ணிப் பின்னியிருக்காங்க. இன்னும் 11 வரிசை கூடப் போட்டிருந்தா சரியா வந்திருக்கும். அதைச் சொல்லித்தர ஆளில்லை.

கடையில போய் ஒரு கட்ட நோட்டு வாங்கிட்டு வந்தேன். கண்ணி கண்ணியா எண்ணி, கலர் பென்சில்ல நிரப்பினேன். ராத்திரி பதினோரு மணி ஆயிடுச்சு. ஒயிலா, கழுத்தை லேசா திருப்பி, நிமிர்ந்து நிக்குது கிளி. வாத்தாவது ஒண்ணாவது! அம்மா மனசுல வரைஞ்சது இதைத்தான். முப்பது வருஷமா நாங்க சிரிச்சது நோட்டுக் கட்டத்தைப் பார்த்து.

புது ஜிப் மறுநாள் போட்டேன். மூடின ஜிப்பைக் குண்டூசியால குத்தி, பின்னலை இழுக்காம, முதல்ல ஓட்டுத்தையல், அப்புறம் பின்தையல். மஞ்சள் கிடைக்கலை, பச்சைதான். ஒரு ஓரத்துல கொஞ்சம் நெளியுது, இருக்கட்டும். பழைய ஜிப்பைத் தூக்கிப்போட மனசில்லாம பர்ஸுக்குள்ளேயே வெச்சுட்டேன்.

நோட்டுல போட்ட கிளியைப் போட்டோ எடுத்து அண்ணனுக்கு அனுப்பினேன். ரெண்டு நாள் பதிலே இல்லை. மூணாம் நாள் போன் பண்ணினான். "அந்தப் பர்ஸ் யார்கிட்ட இருக்கணும்னு நாம பேசவே இல்லையே"ன்னான்.

பேசறதுக்கு ஒண்ணுமில்லைன்னுட்டேன்.