ஜிப்சமும் ஆஸ்பிரினும்

சீன வைத்தியம் நாட்பட்ட வியாதிகளுக்கே ஏற்றது, திடீரென்று வந்து தாக்கும் நோய்களுக்கு மேனாட்டு வைத்தியமே கதி என்னும் எண்ணம் இன்று பரவலாக இருப்பினும், அவ்வைத்தியத்தின் மூலநூல்களுள் தலையாயது பிறந்ததே கொள்ளை ஜுரத்தின் நடுவில்தான். கி.பி. இரண்டாம் நூற்றாண்டின் இறுதியில் வாழ்ந்த சாங் சொங்ஜிங், 200 பேருக்கு மேற்பட்ட தம் குலத்தாரில் மூன்றில் இரு பங்கினர் பத்தாண்டுக்குள் மாண்டதையும், அவர்களில் பத்துக்கு ஏழு பேரை ஜுரமே கொண்டுபோனதையும் தம் நூலின் முகவுரையில் எழுதி வைத்திருக்கிறார். அந்தத் துயரத்தில் அவர் வகுத்த கஷாயங்களே பிற்காலத்துச் சீன வைத்தியர்களுக்குப் பாலபாடம் ஆயின.

அப்பாடத்தைக் கற்றுத் தேர்ந்தவர்களுள் ஒருவர், 1860-இல் ஹெபெய் மாகாணத்தின் யான்ஷானில் பிறந்த சாங் சீசுன். சீன வைத்தியத்தை உள்ளத்தில் இருத்தி மேனாட்டு வைத்தியத்தைத் துணைக்கு அழைப்பதே தம் நோக்கம் என்பதைத் தலைப்பிலேயே அறிவித்து, 1918 முதல் பகுதி பகுதியாக அவர் வெளியிட்ட பெருநூலில் ஜிப்சமும் ஆஸ்பிரினும் சேர்ந்த ஒரு பிரயோகம் காணப்படுகிறது. ஜெர்மனியில் 1899-இல் விற்பனைக்கு வந்த அந்தப் புதிய மருந்தை அவர் சந்தேகக் கண்ணோடு ஒதுக்கவுமில்லை, மந்திரம்போல் போற்றவுமில்லை; புளிப்புச் சுவையும் குளிர்ச்சிக் குணமும் உடையது, உள்ளே அடைபட்ட உஷ்ணத்தை வியர்வையாக வெளியேற்ற வல்லது என்று, தம் முன்னோர் மூலிகைகளை அளந்த அதே கோலால் அதனையும் அளந்தார்.

பிரயோகத்தின் கிரமம் கவனிக்கத் தக்கது. ஒரு கிராம் ஆஸ்பிரினைச் சர்க்கரை நீரில் முதலில் விழுங்கச் செய்யவேண்டும். இரண்டு லியாங், அதாவது 60 கிராமுக்குக் குறையாத பச்சை ஜிப்சத்தை இடித்துக் கொதிக்கவைத்துப் பெரிய கிண்ணம் நிறையக் கஷாயம் இறக்கி, உடம்பெங்கும் வியர்வை அரும்பும் அந்த வேளை பார்த்து, மூன்றில் இரு பங்கைச் சூடாகக் குடிக்கக் கொடுக்கவேண்டும். இரண்டு மூன்று மணி நேரம் கழித்தும் உஷ்ணம் எஞ்சியிருந்தால் மிச்சக் கஷாயம். அதன் பிறகும் தணியாவிடில் ஜிப்சக் கஷாயம் மட்டும் சிறுகச் சிறுக, ஆஸ்பிரின் மறுபடி கூடாது. வேகமானதற்கு முதல் இடமும் நிதானமானதற்கு நீண்ட காவலும் தந்த இந்த ஏற்பாடு, நோயாளியின் தலைமாட்டில் அமர்ந்து வியர்வையைக் கவனித்திருந்தவருக்கன்றி எழுதக்கூடியதன்று என்பது என் துணிபு. ஜிப்சம் மிகக் குளிர்ச்சி என்று அஞ்சி அதனைச் சுட்டுப் பயன்படுத்திய வைத்தியர்களோடு அவர் ஆயுள் முழுவதும் வாதாடினார். சுட்ட ஜிப்சம் நஞ்சுக்கு ஒப்பானது என்பது அவர் தீர்ப்பு. (குழந்தைகளின் வைரஸ் ஜுரத்துக்கு ஆஸ்பிரின் ஆகாது என்பதைப் பிற்கால மருத்துவம் கண்டறிந்திருப்பதால், அவர் அளவுகளை இன்று அப்படியே எடுத்தாள இடமில்லை.)

இதற்கிடையே 1929 பிப்ரவரியில், ஜப்பானில் படித்துத் திரும்பிய யூ யான் கொண்டுவந்த, பழைய வைத்தியத்தைப் படிப்படியாக ஒழிக்கும் தீர்மானத்தை நான்கிங்கில் கூடிய சுகாதார மாநாடு ஏற்றது. மார்ச் 17-இல் ஷாங்காயில் வைத்தியர்களும் மருந்து வணிகர்களும் திரண்டு எதிர்த்ததால் அது நடைமுறைக்கு வரவில்லை.

ஜிப்சத்தின் கதை அத்துடன் நிற்கவில்லை. 1954-இலும் அடுத்த ஆண்டிலும் ஷிஜியாசுவாங் நகரில் மூளைக்காய்ச்சல் பரவியபோது, அங்குள்ள வைத்தியர்கள் ஜிப்சத்தை முதலாகக் கொண்ட புராதனக் கஷாயத்தைக் கொடுத்து நற்பலன் கண்டார்கள். 1956-இல் பெய்ஜிங்கில் அதே வியாதிக்கு அதே கஷாயம் போதிய பலன் தராதபோது, மழை மிகுந்த பருவத்தின் ஈரத்தைக் கருதிச் சீன வைத்தியர் பூ ஃபூசௌ மருந்தை மாற்றியமைத்தார். ஆய்வுக்கூடத்துக்கு ஒன்றாகத் தோன்றும் நோய் வைத்தியருக்கு இரண்டாகத் தோன்றக்கூடும் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் நிகழ்ச்சியை நான் அறியேன்.

அறுபதுகளில் தியான்ஜினின் நான்காய் மருத்துவமனையில், மேனாட்டு அறுவை சிகிச்சையில் பயின்ற வூ சியான்சொங்கும் அவர் குழுவினரும் சீன, மேனாட்டு வைத்தியங்களின் இணைப்பைக் கடுமையான வயிற்று நோய்களுக்குக் கொண்டுசென்றார்கள். குடல் அடைப்பு வந்த நோயாளியின் மூக்கு வழியே குழாய் செலுத்தி இரைப்பையில் தேங்கியதை முதலில் உறிஞ்சி எடுத்து, பின்னர் அதே குழாயின் வழியாக, சாங் சொங்ஜிங் சொன்ன ரேவல்சின்னிக் கிழங்குக் கஷாயத்தை உள்ளே விட்டுக் குழாயை அடைத்து வைத்தார்கள். குடல் முறுக்கிக்கொண்டு அழுகும் அறிகுறி தென்பட்டாலோ, வலியும் நாடித்துடிப்பும் ஏறிக்கொண்டே போனாலோ, கஷாயத்தை நிறுத்திவிட்டு நோயாளியை அறுவை மேஜைக்குக் கொண்டுபோனார்கள்.